'ஒரே மென்பொருள்': பொதிகளின் வரலாறும் பெயரிடும் மரபும்

2019ஆம் ஆண்டின் இறுதியில், உருபன்கள் பிரித்துக் காட்டப்பட்ட ஒரு சொல்லடைவைச் சரிபார்க்கும் பணியில் எங்கள் ஆய்வுக்குழு ஈடுபட்டிருந்தது. ஒரே தரவு, இரு அறைகளில் இருந்த இரு கணிப்பொறிகளில் அகரவரிசைப்படுத்தப்பட்டது. இரண்டிலும் இயங்கியது டெபியன் என்னும் இயக்க அமைப்பே. ஒன்றில் 2017ஆம் ஆண்டு வெளியீடு, மற்றொன்றில் 2019ஆம் ஆண்டு வெளியீடு. இரு பட்டியல்களையும் ஒப்பிட்டபோது, ஒன்றில் உள்ள பல சொற்கள் மற்றொன்றில் இல்லை என ஒப்பீட்டு நிரல் அறிவித்தது. கண்ணால் தேடியபோது அச்சொற்கள் இரண்டிலும் இருந்தன. அவற்றின் இடமே மாறியிருந்தது. 'மரங்-கள்' என உருபன் எல்லையை இடைக்கோட்டால் குறித்த வடிவங்களை, ஒரு கணிப்பொறி கோடே இல்லாததுபோல் வரிசைப்படுத்தியது. மற்றொன்று அக்கோட்டை எழுத்துகளுக்கெல்லாம் முற்பட்ட குறியாகக் கொண்டது. உள்ளீட்டில் பிழை செய்ததாக ஓர் இளம் ஆய்வாளரைக் கடிந்துகொண்ட பின்னரே உண்மைக் காரணம் எங்களுக்குத் தெரிந்தது.

காரணம் வரிசைப்படுத்தும் நிரலில் இல்லை. அந்நிரல் சார்ந்திருந்த குனூ சி நூலகத்தில் இருந்தது. 2018 ஆகஸ்டில் வெளிவந்த அந்நூலகத்தின் 2.28ஆம் பதிப்பு, ஐ.எஸ்.ஓ. 14651 என்னும் பன்னாட்டு வரிசைத் தரத்தின் புதிய வடிவை ஏற்றது. அதற்கு முன் '11' என்பது '1-1' என்பதற்கு முன்னால் வரும். அதன் பின் '1-1' முந்திவிடும். சொல்லடைவு செய்வோருக்கு மட்டும் நேர்ந்த இடர் அன்று இது. வரிசையை நம்பிக் கட்டப்பட்ட தரவுத்தள அட்டவணைகள் பலவும் இதனால் குலைந்தன.

'இரண்டிலும் இருப்பது ஒரே மென்பொருள்' என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தோம். அக்கூற்றில் 'ஒரே' என்பதன் பொருள் யாது? பல கணிப்பொறிகளுக்கு மென்பொருளைப் பொதிகளாக வழங்கியோர் இவ்வினாவுக்குக் கடந்த முப்பது ஆண்டுகளில் தந்த விடைகள் ஒன்றல்ல. அவ்விடைகளை, மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் பழகிய கருத்துகளின் துணைகொண்டு காண இக்கட்டுரை முற்படுகிறது.

மூலமும் இருமமும்

மனிதர் எழுதும் வடிவம் மூலநிரல். அதனைக் கம்பைலர் என்னும் கருவி, எந்திரம் நேரடியாக ஏற்கும் வடிவுக்குப் பெயர்க்கிறது. பெயர்க்கப்பட்ட வடிவமே இருமம். 1970களில் யூனிக்ஸ் நிரல்கள் பெரும்பாலும் காந்த நாடாவில் மூலநிரலாகவே ஊர் விட்டு ஊர் சென்றன. 1979இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் இடம்பெற்ற 'டார்' கட்டளையின் பெயர், நாடாக் காப்பகம் எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமேயாகும். நாடாவைப் பெற்றவர் தம் எந்திரத்தில் தாமே பெயர்த்துக்கொண்டார். மூலம் ஒன்று, பெயர்ப்புகள் பல.

ஓரிடத்தில் பெயர்த்து, விளைந்த இருமத்தையே எங்கும் அனுப்புவது இவ்வுழைப்பை மிச்சப்படுத்தும். ஆயின் இருமம் வளைந்து கொடுக்காதது. மூலநிரலைப் பெயர்க்கும்போது கம்பைலர் சூழலைப் பார்த்து இணங்கிக்கொள்ளும். இருமமோ எந்தச் சூழலை நோக்கிப் பெயர்க்கப்பட்டதோ அச்சூழல் அங்கே இருக்கும் என்று எதிர்பார்த்து வருகிறது. இன்ன நூலகம், அதில் இன்ன பெயருடைய செயல்கூறு, அது ஏற்கும் மதிப்பு இத்தனை பைட்டு என்பன போன்றவை அவ்வெதிர்பார்ப்புகள். உரையாடலில் கூறப்படாமலே கொள்ளப்படும் முற்கோள்களைப் போன்றவை இவை. பொதிகளின் வரலாறு, இம்முற்கோள்களை வெளிப்படையான கூற்றுகளாக எழுதிவைக்கக் கற்றுக்கொண்ட வரலாறு எனலாம்.

பொதி பேசும் வாக்கியங்கள்

லினக்ஸ் கருநிரல் 1991இல் வெளிவந்தது. அதைச் சுற்றி வேண்டிய நிரல்களைச் சேர்த்து வழங்கிய முயற்சிகளுள் 1992இல் பீட்டர் மெக்டொனால்டின் எஸ்.எல்.எஸ்., 1993 ஜூலையில் பேட்ரிக் வோல்கர்டிங்கின் ஸ்லாக்வேர் ஆகியன முற்பட்டவை. இவற்றில் கோப்புகள் மூட்டையாகக் கட்டப்பட்டிருந்தன. ஒரு மூட்டைக்கு வேறு எது வேண்டும் என்பதை மூட்டை சொல்லவில்லை. நிறுவுபவர் அறிந்திருக்க வேண்டும். எஸ்.எல்.எஸ்.ஸின் குறைகளில் மனம் வெதும்பிய இயன் மர்டாக் 1993 ஆகஸ்டு 16இல் டெபியன் திட்டத்தை அறிவித்தார். அதன் பொதி மேலாளரான 'டிபிகேஜி' 1994இல் உருவாயிற்று. இயன் ஜாக்சன் அதன் முதன்மைப் பகுதியைச் சி மொழியில் மாற்றி எழுதினார். 1995இல் ரெட் ஹேட் நிறுவனத்தில் மார்க் யூயிங்கும் எரிக் டிரோனும் ஆர்.பி.எம். என்னும் முறையை உருவாக்கினர். ஆசிரியரின் மூலநிரலைத் தொடாது வைத்து, தம் திருத்தங்களைத் தனிக்கோப்பாக உடன்வைக்கும் நெறியை ஆர்.பி.எம். வற்புறுத்தியது. சுவடிப் பாடத்தையும் பதிப்பாசிரியர் திருத்தத்தையும் கலக்காது காட்டும் பதிப்புநெறியை அறிந்தோர்க்கு இதன் அருமை விளக்க வேண்டுவதில்லை.

டெபியன் பொதி ஒவ்வொன்றிலும் 'கன்ட்ரோல்' எனப்படும் சிறு கோப்பு உண்டு. அதன் புலங்கள் மொழியியலார் கவனத்திற்குரியவை. டிபென்ட்ஸ், ரெக்கமென்ட்ஸ், சஜஸ்ட்ஸ், கான்ஃப்ளிக்ட்ஸ், ப்ரொவைட்ஸ், ரிப்ளேசஸ் ஆகிய அனைத்தும் ஆங்கிலத்தில் படர்க்கை ஒருமை நிகழ்கால வினைமுற்றுகள். பொதியின் பெயர் எழுவாய். புலத்தின் பெயர் பயனிலை. அதன் பின் வரும் பட்டியல் செயப்படுபொருள். ஆங்கிலத் தொடரமைப்பு எழுவாய், வினை, செயப்படுபொருள் என அமைவதால் கோப்பு தானாகவே வாக்கியமாகிறது. தமிழில் வினை இறுதியில் நிற்பது. செயப்படுபொருளோ வினைக்கேற்ற வேற்றுமை உருபை வேண்டுவது. ஒன்று மற்றொன்றைச் சாரும், மற்றொன்றுடன் முரண்படும், மற்றொன்றுக்குப் பதிலாக வரும். புலத்தின் பெயரை முன்னே எழுதி, முக்காற்புள்ளியிட்டு, உருபேற்காத பெயர்களை அடுக்கும்போது தமிழ் வினைமுற்று அங்கே நிற்க மறுக்கிறது.

இக்கோப்பை எந்திரம் படிக்கும் ஆதலின் அதை யாரும் மொழிபெயர்ப்பதில்லை. ஆனால் இவ்வுறவுகளைப் பயனருக்குக் காட்டும் இடைமுகங்களை மொழிபெயர்க்க வேண்டியுள்ளது. அங்கே வினையாலணையும் பெயர் கைகொடுப்பதுபோல் தோன்றும். 'சார்ந்தவை' என எழுதினால், இப்பொதி எவற்றைச் சார்ந்தது என்பதா, இப்பொதியைச் சார்ந்தவை எவை என்பதா? தமிழர் முதலில் கொள்வது இரண்டாவது பொருளையே. உறவின் திசையே தலைகீழாகிவிடுகிறது. 'தேவைப்படுவன' என்பதில் இம்மயக்கம் இல்லை. சார்பு என்ற கலைச்சொல்லைக் கைவிட வேண்டியதில்லை. சார்பெழுத்து என்னும் இலக்கண வழக்கு ஒன்றின்றி மற்றொன்று நில்லாமையைக் குறிக்கப் பழகிய சொல் அது. அதனை வினையடியாகப் புலப்பெயரில் ஆள்வதில்தான் இடர் உள்ளது.

இவ்வினைகளிடையே ஒரு வன்மைப் படிநிலையும் உண்டு. முதலாவது கட்டாயம், இரண்டாவது வலிய பரிந்துரை, மூன்றாவது மெல்லிய யோசனை. 2009இல் வெளிவந்த டெபியன் 5.0 முதல், பரிந்துரைக்கப்பட்டவற்றையும் வேண்டாமெனச் சொன்னாலொழிய நிறுவிவிடுவது 'ஆப்ட்' கருவியின் இயல்பாயிற்று. சொல் மாறவில்லை, அதன் வன்மை கூடியது. பொருள் மாற்றத்துக்கு நாள் குறிக்க முடிகிற அரிய சான்று இது.

இன்னொரு புலமான ப்ரொவைட்ஸ், பொதுப்பெயருக்கு இடமளிக்கிறது. எக்ஸிம், போஸ்ட்ஃபிக்ஸ், சென்ட்மெயில் ஆகியவை வெவ்வேறு அஞ்சல் செலுத்தும் நிரல்கள். 'அஞ்சல் செலுத்தி ஒன்று வேண்டும்' என்று மட்டும் ஒரு பொதி கேட்கலாம். மூன்றில் எது இருப்பினும் போதும். அப்பொதுப்பெயரில் உண்மையான பொதி எதுவும் இல்லை. சுட்டப்படும் பொருளின்றி வகையை மட்டும் குறிக்கும் பெயர் அது.

உறவுகள் பெருகப் பெருக, அவற்றையெல்லாம் நிறைவு செய்யும் பொதித்தொகுதி உண்டா எனக் காண்பதே கடுங்கணக்காயிற்று. 1996 ஜூனில் வெளிவந்த டெபியன் 1.1இல் 474 பொதிகள் இருந்தன. 2025 ஆகஸ்டில் வந்த 13ஆம் வெளியீட்டில் 69,000க்கும் மேற்பட்டவை உள்ளன. இக்கணக்கு, கணிப்பியலார் என்.பி.-முழுமை என வகைப்படுத்தும் கடினக் கணக்குகளுள் ஒன்று என்பதை எடோஸ் என்னும் ஐரோப்பிய ஆய்வுத் திட்டம் நிறுவியது.

பெயரில் ஒட்டிய விகுதிகள்

வரலாறு மிகத் தெளிவாகப் படிந்து கிடப்பது பொதிகளின் பெயர்களில். தரவுகளைச் சுருக்கித் தரும் 'இசட்லிப்' நூலகத்தை இன்று டெபியனில் நிறுவினால், வரும் பொதியின் பெயர் 'இசட்லிப்1ஜி'. 1 என்பது நூலக இடைமுகத்தின் எண். இறுதியில் நிற்கும் 'ஜி' யாது?

1998இல் வெளிவந்த டெபியன் 2.0, அதுவரை வழங்கிய 'லிப்சி5' என்னும் சி நூலகத்திலிருந்து குனூ நூலகமாகிய 'லிப்சி6'க்கு மாறியது. பழையதை நோக்கிப் பெயர்க்கப்பட்ட இருமமும் புதியதை நோக்கிப் பெயர்க்கப்பட்ட இருமமும் ஒரே நிரலுக்குள் கலந்தால் இயங்கா. இசட்லிப்பின் மூலநிரல் மாறவில்லை. பதிப்பெண்ணும் மாற வேண்டியதில்லை. ஆயினும் விளைந்த இருமம் வேறு. ஆகவே பெயருக்கு 'ஜி' என ஒரு விகுதி தரப்பட்டது. நூலகத்தின் இடைமுக எண் அடுத்து மாறும்போது அவ்விகுதியை விட்டுவிடலாம் என்பது மரபு. இசட்லிப்பின் எண் 1ஆகவே நிலைத்துவிட்டதால் விகுதியும் நிலைத்துவிட்டது. லிப்சி5ஐ அறியாத தலைமுறையும் அந்த 'ஜி'யை நாள்தோறும் தட்டச்சு செய்கிறது. வழக்கொழிந்த வேறுபாட்டின் எச்சம், வழங்கும் சொல்லில் உறைந்து கிடப்பதை வரலாற்று மொழியியல் பல இடங்களில் காட்டியுள்ளது. இங்கு அதன் பிறப்பும் காரணமும் ஆவணமாகவே கிடைக்கின்றன.

இம்முறை மீண்டும் மீண்டும் பயன்பட்டது. சி++ கம்பைலரான ஜி.சி.சி. 3.2 பதிப்பு, இருமங்கள் ஒன்றோடொன்று பேசும் முறையை மாற்றியபோது 'சி102' என்ற விகுதி தோன்றியது. 2005இல் 4.0 பதிப்புக்கு 'சி2', 2015இல் 5ஆம் பதிப்புக்கு 'வி5'. அண்மையது 2024இல் வந்த 'டி64'. 32 பிட்டு அளவில் காலத்தை எண்ணும் கணிப்பொறிகளில் 2038 ஜனவரி 19இல் எண்ணிக்கை நிரம்பிவிடும். அதைத் தவிர்க்கக் கால மதிப்பை 64 பிட்டாக அகலப்படுத்தினர். அகலம் மாறியதால் இருமம் மாறியது. ஆதலின் நூற்றுக்கணக்கான நூலகப் பொதிகளின் பெயர் மாறியது. இதில் ஒரு நுட்பம் உள்ளது. இன்று பெரும்பாலோர் பயன்படுத்தும் 64 பிட்டுக் கணிப்பொறிகளில் கால மதிப்பு முன்பே 64 பிட்டுதான். அங்கே இருமத்தின் இடைமுகம் மாறவே இல்லை. எனினும் எல்லா எந்திர வகைகளுக்கும் பெயர் ஒன்றாயிருக்க வேண்டும் என்பதால் அங்கும் 'டி64' ஒட்டிக்கொண்டது. பழைய பெயரையும் தான் தருவதாக அப்பொதி அறிவித்துக்கொள்கிறது. ஓர் எந்திரத்தில் பொருளுடைய விகுதி, மற்றொன்றில் சாரியை போல் பொருளின்றி நிற்கிறது.

மொழிபெயர்ப்பாளர்கள் இதில் காணத்தக்கது ஒன்று உண்டு. மூலத்தில் ஓரெழுத்தும் மாறாதபோதும், பெயர்க்கும் கருவி மாறினால் விளைவு வேறு என்பதையும், அவ்வேறுபாட்டைப் பெயரிலேயே சுட்ட வேண்டும் என்பதையும் இத்துறையினர் ஒப்புக்கொண்டனர். நூலின் பெயரை மட்டும் சுட்டி, யாருடைய மொழிபெயர்ப்பு என்று சொல்லாமல் மேற்கோள் தரும் நம் கட்டுரைகள் அந்த நேர்மையை எட்டவில்லை.

பதிப்பெண்களின் வரிசைக்கும் தனி இலக்கணம் வகுக்க வேண்டியிருந்தது. 1.10 என்பது 1.9க்குப் பின் வர வேண்டும். எழுத்தெழுத்தாக ஒப்பிட்டால் முன் வந்துவிடும். ஆகவே எண்பகுதிகளை எண்ணாகவும் பிறவற்றை எழுத்தாகவும் ஒப்பிடுவது விதி. '1.0~பீட்டா1' என்பது '1.0'க்கு முன் வர வேண்டும். ஆகவே அலைக்குறி, 'ஒன்றுமில்லை' என்பதற்கும் முற்பட்டது என விதித்தனர். வெறுமைக்கு முன் ஓர் எழுத்தை வைத்த அகரவரிசை வேறெங்கும் இருப்பதாக இக்கட்டுரையாளர் அறியார். ஆசிரியர் எண்ணிடும் முறையையே மாற்றிவிட்டால், முன்னே 'ஊழி' எண் ஒன்றைச் சேர்த்து முக்காற்புள்ளியிடுவர். சேர்த்தபின் அவ்வெண்ணை நீக்க இயலாது. நீக்கினால் புதியது பழையதாகிவிடும்.

பல கணிப்பொறிகள்

பொதிகளும் பதிப்புகளும் ஒத்திருந்தால் கணிப்பொறிகள் ஒத்திருக்குமா? இரு கணிப்பொறிகளில் பொதிப்பட்டியல் ஒன்றாக இருக்கலாம். ஒன்று நேற்று புதிதாக நிறுவப்பட்டது, மற்றொன்று பத்தாண்டுகளாக மேம்படுத்தி வரப்பட்டது எனின் அவை வேறுபடும். பயனர் திருத்திய அமைவுக் கோப்புகளை டிபிகேஜி கேளாமல் அழிப்பதில்லை. பழைய திருத்தங்கள் புதிய நிரலோடு தொடர்ந்து வாழ்கின்றன.

ஓஸ்லோ பல்கலைக்கழகத்தில் மார்க் பர்ஜஸ் 1993இல் உருவாக்கிய சிஎஃப்எஞ்சின் இதற்கு ஒரு வழி கண்டது. 'இதைச் செய், பின் அதைச் செய்' என ஏவாமல், கணிப்பொறி இருக்க வேண்டிய நிலையை விவரித்து வைப்பது அவ்வழி. அந்நிலையிலிருந்து விலகியதைக் கருவி கண்டு திருத்தும். எத்தனை முறை இயக்கினும் முடிவு ஒன்றே. ஏவல் வினை போய் விவரிப்புத் தொடர் வந்தது. 2002இல் ஸ்டீவ் டிரகாட்டும் லான்ஸ் பிரவுனும் இதை மறுத்தனர். எழுதி வைத்த விவரிப்பு கணிப்பொறி முழுமையையும் எட்டாது. ஆகவே எல்லாக் கணிப்பொறிகளிலும் அதே செயல்கள் அதே வரிசையில் நிகழ்ந்தாலன்றி ஒப்புமை உறுதியில்லை என்பது அவர்கள் வாதம். ஆக்கமுறை ஒலியனியலில் விதிகளின் வரிசை குறித்து எழுந்த விவாதத்தைப் படித்தோர்க்கு இது பழகிய குரலாகவே ஒலிக்கும்.

இந்தியாவிலும் இக்கேள்வி ஏட்டளவில் நின்றுவிடவில்லை. சென்னை சி-டாக் 2007இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ் டெபியனை அடிப்படையாகக் கொண்டது. கேரளத்தின் கைட் நிறுவனம் 2019இல் உபுண்டு 18.04 வழிவந்த இயக்க அமைப்பு ஒன்றை, மாநிலப் பள்ளிகளின் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணிப்பொறிகளுக்கென வெளியிட்டது. பாடநூல் காட்டும் திரை மாணவர் முன் உள்ள திரையோடு ஒத்திருக்க வேண்டும் என்பது அங்கே ஆசிரியரின் அன்றாடத் தேவை.

பெயரிலிருந்து முத்திரைக்கு

நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஈல்கோ டால்ஸ்ட்ரா 2003இல் தொடங்கி 2006இல் முனைவர் பட்ட ஆய்வேடாக அளித்த நிக்ஸ் முறை, பெயர்மீதான நம்பிக்கையையே கைவிட்டது. மூலநிரல், கம்பைலர், சார்ந்த நூலகங்கள், கட்டும் கட்டளைகள் ஆகிய உள்ளீடுகள் அனைத்தையும் கணித்துப் பெறும் ஒரு நீண்ட எழுத்துக்கோவை, பொதி வைக்கப்படும் இடத்தின் பெயரில் முன்னிற்கும். உள்ளீட்டில் எது மாறினும் அம்முத்திரை மாறும். 'ஜி', 'டி64' என மனிதர் நினைவில் வைத்து ஒட்டிய விகுதிகளின் வேலையைக் கணக்கே செய்துவிடுகிறது. மனிதர் படிக்கும் பெயரும் பின்னால் உண்டு. அது வாசிப்போர் வசதிக்கே.

ஆயினும் உள்ளீடுகள் ஒத்தால் விளைவும் ஒக்கும் என்பதற்கு உறுதி உண்டா? ஒரே மூலத்தை இருவர் தனித்தனியே கட்டினால் ஒரு பிட்டும் பிசகாத இருமம் கிடைக்க வேண்டும் என்னும் முயற்சி டெபியனில் 2013இல் தொடங்கியது. தடைகள் எதிர்பாராதவையாக இருந்தன. கட்டிய நேரம் இருமத்துக்குள் பதிந்திருந்தது. கட்டியவரின் கோப்புறைப் பெயர் பதிந்திருந்தது. கோப்புகளை வட்டு தந்த வரிசை மாறியது. இன்னொன்று எங்களுக்கு வியப்பளிக்கவில்லை: கட்டியவரின் கணிப்பொறி எம்மொழிக்கென அமைக்கப்பட்டிருந்ததோ, அம்மொழியின் அகரவரிசை கோப்புகளின் வரிசையை மாற்றியது.

இம்முயற்சியும் ஓர் எல்லைக்கு உட்பட்டதே என்பதை 2024 மார்ச் 29 காட்டிற்று. எக்ஸ்இசட் என்னும் சுருக்கு நிரலின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒளித்து வைக்கப்பட்ட கள்ளவழியை ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் அன்று வெளிப்படுத்தினார். அதைத் தூண்டும் வரிகள், எல்லோரும் பார்வையிடும் மூலநிரல் களஞ்சியத்தில் இல்லை. வெளியீடாகக் கட்டித் தரப்பட்ட மூட்டையில் மட்டும் இருந்தன. டெபியனின் சோதனைக் கிளைகள் வரை அது வந்துவிட்டது. நிலைபெற்ற வெளியீட்டை எட்டவில்லை. அம்மூட்டையிலிருந்து எத்தனை பேர் கட்டியிருப்பினும் ஒரே இருமம் கிடைத்திருக்கலாம். மூலம் என எதைக் கொள்வது என்பதே அங்கு எழுந்த கேள்வி. ஏட்டுப் பிரதிகளோடு வாழ்ந்த பதிப்பாசிரியர்கள் இக்கேள்வியிலிருந்துதான் தொடங்கினர்.

எங்கள் சொல்லடைவுக்கு ஒரு தீர்வு வேண்டியிருந்தது. மொழிசார்ந்த வரிசையை முடக்கி, யூனிகோடு எண் வரிசைப்படி அடுக்குமாறு இரு கணிப்பொறிகளுக்கும் கட்டளையிட்டோம். இடம் பெற்ற எழுத்தை இடம் மாற்றுவதில்லை என்பது யூனிகோடின் நிலையான கொள்கையாதலின், அவ்வரிசை எந்நாளும் எவ்வெந்திரத்திலும் மாறாது. ஆனால் அது தமிழ் அகரவரிசை அன்று. அதில் நகரத்தை அடுத்து னகரம் வருகிறது. ரகரத்தை அடுத்து றகரம் வருகிறது. புள்ளி பெற்ற 'க்' கௌகாரத்துக்கும் பின்னே நிற்கிறது. எனவே தரவுக் கோப்பு எண் வரிசையிலும் அச்சுப்படி நெடுங்கணக்கு வரிசையிலும் அமைந்தன. நெடுங்கணக்கு விதிகளை நூலகத்திடம் விடாது, நாங்களே ஓர் அட்டவணையாக எழுதித் தரவோடு சேர்த்து வைத்துள்ளோம். அவ்வட்டவணையில் இடைக்கோட்டுக்கும் ஓர் இடம் குறிக்கப்பட்டுள்ளது. அந்த இடம் எது என்பதில் குழுவினர் இன்னும் ஒத்துப்போகவில்லை.